வெள்ளியா, சனியா

எப்போ தவறினாருன்னு கேட்டுட்டீங்க. எல்லாரும் கேக்குறதுதான், தப்பில்லை. வெறும் நெத்தியோட ஒருத்தி பக்கத்துல வந்து உக்காந்தா, ஒரு பேச்சுக்குக் கேக்கத்தான் செய்வாங்க. ஆனா எங்கிட்ட அதுக்கு ஒரே பதில் கிடையாது தாயி. நாளையோட வருஷம் திரும்புதுன்னு நான் சொல்லுவேன். இன்னையோட திரும்பிருச்சுன்னு அவ சொல்லுவா. அவ இந்நேரம் இலை போட்டுப் படைச்சு, காக்காய்க்கு வச்சு, கையையும் கழுவியிருப்பா. நான் நாளைக்குத்தான் படைக்கணும். ஒரே மனுசனுக்கு ரெண்டு திதி. எங்கேயாவது கேட்டிருக்கீங்களா?

நீங்களும் கோவில்பட்டி வரைக்கும்தானே? அப்போ பஸ் போய்ச் சேர நேரம் இருக்கு. அந்த ஜன்னல் கண்ணாடியைக் கொஞ்சம் இழுத்து விடுங்க. எனக்குக் காத்து காதுல அடிச்சா அன்னைக்குப் பூரா தலைவலி.

அவ யாருன்னு கேக்க மாட்டீங்களா? என் வீட்டுக்காரர் சேத்துக்கிட்டவ. பேரு வள்ளிமயில். பேரைப் பாருங்க. வைக்கும்போதே இவ ரெண்டாந்தாரமாத்தான் போவான்னு தெரிஞ்சு வச்சிருக்காங்க.

எங்க வீட்டுக்காரர் குட்டியானை ஓட்டுனார். சின்ன லோடு வண்டி இருக்குல்ல, அது. சாத்தூர்ல வெள்ளரிக்காய், சேவு மூட்டை, தீப்பெட்டிக் கட்டு, எது கிடைச்சாலும் ஏத்துவார். நான் அஞ்சாப்பு முடிச்ச கையோட தீப்பெட்டி ஆபீஸ்ல குச்சி அடைக்க உக்காந்தவ, இன்னும் எந்திரிக்கலை. எங்களுக்குப் பிள்ளை இல்லை. போகாத கோயில் இல்லை, குடிக்காத கசாயம் இல்லை. அப்புறம் ஒரு நாள் சரக்கு இறக்கப் போன ஊர்ல அவ இட்லிக் கடை வச்சிருந்தா. புருசன் விட்டுட்டுப் போனவ. இவர் காலையில இட்லி சாப்பிடப் போனார். அப்புறம் மத்தியானமும் அங்கே இட்லி இருந்துச்சு போல. அப்புறம் ராத்திரிக்கும் இருந்துச்சு.

அவளுக்கும் பிள்ளை பிறக்கலை. அதை மட்டும் கடவுள் சரியா செஞ்சார். அப்படி நினைக்கக் கூடாதுதான். நினைச்சேன். நினைச்சுட்டு நல்லாவும் தூங்கினேன்.

ஆனா ஒன்னு. அவர் என்னை அத்துவிடலை. ரேஷன் அட்டையில இருந்து என் பேரை எடுக்கலை. பொங்கலுக்குப் பொங்கல் வந்து வாசல்ல நிப்பார். "நல்லாருக்கியா சீனி"ம்பார். என் பேரு சீனியம்மாள். உள்ள வாங்கன்னு கூப்பிட்டா, "வண்டி நிக்குது"ம்பார். வண்டி நிக்கத்தானே செய்யும், அது என்ன கயித்தை அத்துக்கிட்டு ஓடவா போகுது? நான் பேசாம அவர் சட்டையைப் பாத்துக்கிட்டு நிப்பேன். தேச்ச சட்டை. எல்லாப் பட்டனும் இருக்கும். எங்கிட்ட இருந்தப்போ ஒரு பட்டனாவது இல்லாமத்தான் திரிவார். கழுத்துல கறுப்புக் கயிறுல ஒரு தாயத்து. அவ கட்டினது. கண்ணு பட்டுரக் கூடாதாம். யாரு கண்ணு? என் கண்ணைத் தவிர அவரை யாரு பாத்தா?

போன வருஷம் அவ வீட்டுல சோறு தின்னுட்டுக் கை கழுவப் போனவர் அப்படியே சுவரைப் பிடிச்சுச் சரிஞ்சுட்டாராம். தலைக்குள்ள ரத்தக் குழாய் வெடிச்சிருச்சு. என் கொழுந்தன் பொன்னுச்சாமி போன் போட்டான். "மதினி, அண்ணனை மதுரைக்குத் தூக்கிட்டுப் போறோம், கிளம்பி வந்துரு"ன்னான். கூட யாரு இருக்கான்னு கேட்டேன். அவன் போனை வச்சுட்டான். எனக்குத் தெரிஞ்சுபோச்சு.

நான் போய்ச் சேந்தப்போ அவ பெஞ்சுல உக்காந்திருக்கா. நைட்டி, மேல ஒரு துண்டு. என்னைப் பாத்ததும் எந்திரிச்சு "அக்கா"ன்னா. யாருக்கு யாருடி அக்கான்னு கேட்டுட்டு அந்தப் பெஞ்சோட மறுகோடியில உக்காந்தேன். நடுவுல பொன்னுச்சாமி. பாவம், இந்தப் பக்கம் திரும்பினா நான், அந்தப் பக்கம் திரும்பினா அவ. அவன் மேல ஓடுற ஃபேனைப் பாத்துக்கிட்டே இருந்தான்.

கொஞ்ச நேரத்துல நர்ஸ் வந்து, "காளிராஜ் சம்சாரம் யாரு?"ன்னு கேட்டா. ரெண்டு பேரும் எந்திரிச்சோம்.

அந்தப் பொண்ணு எங்களை ஒரு பார்வை பாத்தா. இதெல்லாம் அவளுக்குப் புதுசில்லை போல. "அவருக்குப் பிரஷர் மாத்திரை என்ன கொடுத்துக்கிட்டிருந்தீங்க?"ன்னா. எனக்குத் தெரியலை. அவருக்குப் பிரஷர் இருந்ததே எனக்குத் தெரியாது. அவ பையில இருந்து மாத்திரை அட்டையை எடுத்து நீட்டினா. காலையில இது, ராத்திரிக்கு இது, ரெண்டு நாளா இதைப் போட மாட்டேன்னு அடம்பிடிச்சார்னு சொல்றா. பிள்ளையைப் பத்திச் சொல்ற மாதிரி சொல்றா. நான் எந்திரிச்சு நின்னது நின்னபடி நிக்கிறேன். அப்போ எனக்கு அழுகை வந்துச்சு பாருங்க, அதை நிறுத்தவே முடியலை. பொன்னுச்சாமி, "அழாத மதினி, அண்ணன் எந்திரிச்சுருவான்"னான். நான் அதுக்கு அழலைன்னு அவங்கிட்டச் சொல்ல முடியுமா?

அவர் எந்திரிக்கலை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஒரு டாக்டரம்மா எங்க மூணு பேரையும் தனி ரூமுக்குக் கூப்பிட்டு உக்கார வச்சாங்க. தன்மையான பொம்பளை. அவசரப்படலை. "அவர் மூளை முழுசாச் செத்துருச்சு. நடுவுல நேரம் விட்டு ரெண்டு தடவை சோதிச்சுட்டோம். மெஷினை எடுத்துப் பாத்தோம், தானா ஒரு மூச்சுக்கூட எடுக்கலை. இது மயக்கம் இல்லை, திரும்பி வர்ற நிலைமை இல்லை. அவர் இறந்துட்டார்"னு சொன்னாங்க.

வள்ளி விடலை. "எப்படி டாக்டர் செத்துட்டார்ங்கிறீங்க? நெஞ்சு ஏறி இறங்குது. இப்பத்தான் காலைத் தொட்டுட்டு வந்தேன், சுடுது. பை நிறைய ஒன்னுக்குப் போயிருக்கார். செத்தவன் ஒன்னுக்குப் போவானா?"

"மூச்சு விடுறது மெஷின்மா. அந்தக் காத்து கிடைக்கிற வரைக்கும் இதயம் கொஞ்ச நாள் துடிக்கும். அதனால உடம்பு சூடா இருக்கு. ஆனா அவர் அதுக்குள்ள இல்லை."

"துடிக்குதுல்ல? துடிக்குதுன்னு நீங்களே சொல்றீங்க. துடிக்கிற வரைக்கும் எனக்கு அவர் இருக்கார்."

உங்ககிட்டச் சொல்றதுக்கென்ன, எனக்கும் உள்ளுக்குள்ள அப்படித்தான் இருந்துச்சு. காலம் காலமா நம்ம சாவுன்னு எதைப் பாத்திருக்கோம்? மூக்குல பஞ்சை வச்சுப் பாப்பாங்க, கால் சில்லிட்டுப் போச்சான்னு பாப்பாங்க, அப்புறம்தான் ஒப்பாரி. மூச்சு விடுற ஆளைக் காட்டிச் செத்துட்டான்னா யாரு நம்புவா? நானும் அதையே கேக்கத்தான் வாயெடுத்தேன். ஆனா அவ கேட்டுட்டா. அவ கேட்டதுக்கப்புறம் நானும் எப்படி அதையே கேக்கிறது? "படிச்சவங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்"னு சொன்னேன். டாக்டரம்மா என்னைப் பாத்துத் தலையசைச்சாங்க. அங்கே இருந்ததுல புத்தியுள்ளவ நான்தான்னு அவங்களுக்குத் தெரிஞ்சுபோச்சு.

அப்புறம் உறுப்பு தானம் பத்திப் பேசுற தம்பி ஒருத்தர் வந்தார். இப்படி இப்படி, இதயம், கல்லீரல், கிட்னி, கண்ணு, எல்லாம் வேற ஆளுங்களைப் பிழைக்க வைக்கும், கட்டாயம் ஒன்னும் இல்லை, நீங்க வேண்டாம்னா வேண்டாம்னு மெதுவா எடுத்துச் சொன்னார். வள்ளி முடியவே முடியாதுன்னா. "அவரை அறுக்க விடமாட்டேன்"னா.

அந்தத் தம்பி தயங்கித் தயங்கி, "மனைவி யாருங்க?"ன்னு கேட்டார்.

மறுபடியும் ரெண்டு பேரும் நிமிந்தோம். "இல்லைம்மா, சட்டப்படி"ன்னார்.

நான் பையில இருந்து ரேஷன் அட்டையை எடுத்தேன். எங்கே போனாலும் அதைப் பிளாஸ்டிக் கவர்ல போட்டுக் கையோட வச்சிருப்பேன். அவர் பேரு, கீழ என் பேரு. அவர் பாத்துட்டு வள்ளி பக்கம் திரும்பி, "மன்னிச்சுக்குங்கம்மா, நாங்க இவங்ககிட்டத்தான் கேக்கணும்"னார். என்னைப் பாத்து, "நீங்க ராத்திரி யோசிச்சு, சொந்தக்காரங்ககிட்டப் பேசிட்டு நாளைக்குக் கூடச் சொல்லலாம்"னார்.

யோசிக்க என்ன இருக்கு, எங்கே போடணும்னு கேட்டேன்.

பொன்னுச்சாமி, "மதினி, கொஞ்சம் பொறு"ன்னான். நான் பொறுத்தது போதும்னு பேனாவை வாங்கினேன். சீனியம்மாள்னு எழுதினேன். க/பெ-ன்னு போட்டு, காளிராஜ்னு அவர் பேரை என் கையால எழுதினேன். கல்யாணமான நாள்ல இருந்து அன்னைக்கு வரைக்கும் வாயால சொல்லாத பேரு தாயி. அவ சுவர்ல சாஞ்சு நின்னு பாத்துக்கிட்டே இருந்தா. மாத்திரை அட்டை எடுத்து நீட்டினாளே, இப்ப நீட்டட்டும் பாப்போம். அவளால நீட்ட முடியாத அட்டை ஒன்னு எங்கிட்ட இருந்துச்சு. இத்தனை வருஷத்துல அவ முன்னாடி நான் நிமிந்து நின்னது அந்த ஒரு தடவைதான்.

நாலஞ்சு உயிரு பிழைக்கும்ல, அதுக்காகத்தான் போட்டேன். புண்ணியம்தானே?

மறுநாள் சனிக்கிழமை. காலையில ஆபரேசன் ரூமுக்குக் கொண்டுபோறதுக்கு முன்னாடி நர்ஸ் வந்து, "ஒவ்வொருத்தரா வந்து கடைசியாப் பாத்துக்கோங்க. கழுத்துல கயிறு இருக்கு, அதையும் வீட்டு ஆளுங்களே எடுத்துருங்க"ன்னா. நான்தான் முதல்ல போனேன். நான்தானே போகணும்?

போய்ப் பாத்தா, தூங்குற மாதிரி இருக்கார். வாயில குழாய். நெஞ்சு ஏறுது, இறங்குது. தாடி லேசா முளைச்சிருக்கு. பக்கத்துல அவ்வளவு கிட்டத்துல நின்னு அவரைப் பாத்து எத்தனையோ வருஷம் ஆச்சு. முதல்ல அந்தக் கயித்தைத்தான் எடுக்கணும்னு தோணுச்சு. அவ கட்டின கயிறு. கத்திரிக்கோல் தரவான்னு நர்ஸ் கேட்டா, வேண்டாம்னு சொல்லிட்டேன். ஒரு கையால அவர் பின்னந்தலையைத் தூக்கி, கழுத்தை நெஞ்சுப் பக்கமா வளைச்சு, மறுகையால கயித்தை மேல இழுத்தேன். அது காதுல மாட்டிக்கிச்சு. இன்னும் கொஞ்சம் தூக்கினேன்.

அப்போதான் அவர் கை எழும்புச்சு.

சத்தியமாச் சொல்றேன். கட்டில்ல கிடந்த வலது கை, முழங்கையில மடங்கி, அப்படியே மெதுவா மேல வந்துச்சு. நெஞ்சுக்கு மேல வந்து, என் கைப் பக்கம் வந்து, ஒரு நிமிசம் நின்னு, திரும்பக் கீழ விழுந்துச்சு. ரோமமெல்லாம் சிலிர்த்து நிக்குது அவருக்கு. நான் கயித்தைப் பிடிச்சபடி நிக்கிறேன். என்னைத் தொட வந்தார் தாயி. வள்ளி அத்தனை நாள் காலைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தாளே, ஒரு விரலை அசைச்சாரா? நான் போனேன், கையைத் தூக்கிட்டார்.

நர்ஸ் ஓடிப்போய் டாக்டரம்மாவைக் கூட்டிட்டு வந்தா. நான், "உயிரு இருக்கு, கை தூக்கினார்"னு சொன்னேன். அவங்க ஆச்சரியப்படலை. அதுதான் எனக்கு ஆத்திரம். "கழுத்தை வளைச்சீங்களாம்மா?"ன்னு கேட்டாங்க. "சில பேருக்கு இப்படி வரும். இது முதுகுத் தண்டுல இருந்து வர்ற அசைவு. மூளை சொல்லி வர்றது இல்லை. பல்லி வால் அறுந்து விழுந்தா துடிக்கும்ல, அந்த மாதிரி"ன்னாங்க.

பல்லி வாலாம். என் புருசன் கை.

அந்தம்மா இன்னொன்னும் சொன்னாங்க. அதையும் மறைக்காமச் சொல்லிடுறேன். "உங்களுக்கு மனசு சங்கடமா இருந்தா இப்பவே நிறுத்திடலாம். நீங்க போட்ட கையெழுத்தை நீங்களே வேண்டாம்னு சொல்லலாம், யாரும் எதுவும் கேக்க மாட்டாங்க"ன்னாங்க.

நான் கதவுல இருந்த கண்ணாடி வழியாப் பாத்தேன். வெளிய அவ நிக்கிறா. முகத்தைக் கழுவிப் பொட்டு வச்சுக்கிட்டு, உள்ள வர்றதுக்குத் தயாரா நிக்கிறா. நர்ஸும் கேக்கிறா, "அந்தம்மாவும் பாக்கணுமாம், வரச் சொல்லவா?"ன்னு.

நீங்களே சொல்லுங்க, அவளை எப்படி உள்ள விடுறது? வந்தா சும்மா இருப்பாளா? தலையைத் தூக்கி மடியில வச்சுக்குவா. கழுத்தைக் கட்டிக்கிட்டு அழுவா. அப்புறம் என்ன ஆகும்னு யாருக்குத் தெரியும்? "அவளுக்கு நெஞ்சு பலவீனம், மயங்கி விழுந்துருவா, வேண்டாம்"னு சொன்னேன். அவ நல்லதுக்குத்தான் சொன்னேன். டாக்டரம்மாகிட்ட, "நிறுத்த வேண்டாம், நீங்க கூட்டிட்டுப் போங்க"ன்னேன். நாலு உயிரு காத்துக்கிட்டு இருக்குல்ல? கட்டிலைத் தள்ளிக்கிட்டு அந்தப் பக்கக் கதவு வழியாப் போயிட்டாங்க. அவ இந்தப் பக்கக் கதவுலயே நின்னுக்கிட்டிருந்தா.

கயித்தை எங்கேயோ போட்டுட்டேன். ஞாபகமில்லை.

மத்தியானத்துக்கு மேல உடம்பைக் கொடுத்தாங்க. நல்லபடியாத் தச்சுத்தான் கொடுத்தாங்க, குறை சொல்லக் கூடாது. பொன்னுச்சாமி வீட்டுக்குக் கொண்டுவந்தோம். என் வீடும் இல்லை, அவ வீடும் இல்லை, அதுதான் நியாயம்னு ஊர்ல பேசி முடிச்சிருந்தாங்க. நான் தலைமாட்டுல உக்காரணும். போய்ப் பாத்தா அவ உக்காந்திருக்கா. எந்திரின்னு சொன்னா நல்லாருக்காதுன்னு நான் கால்மாட்டுல உக்காந்தேன்.

உறுப்பு கொடுத்தவங்களுக்கு அரசாங்க மரியாதைன்னு இப்போ செய்றாங்கள்ல, அதுக்கு ஆர்.டி.ஓ. வந்தார். ஜீப்பு, போலீசு, பெரிய மலர் வளையம். எங்க தெருவுல எந்தச் சாவுக்கும் ஜீப்பு வந்தது கிடையாது. மாலையை வச்சுட்டு, "இவரோட மனைவி யாரு?"ன்னு திரும்பினார். நான் சேலையைச் சரிபண்ணிக்கிட்டு எந்திரிக்கிறதுக்குள்ள அவரே தலைமாட்டுல தேம்பிக்கிட்டு இருந்தவளைப் பாத்துட்டார். குனிஞ்சு ரெண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டார். "உங்க பெரிய மனசுக்கு நன்றிம்மா"ன்னார். கையெழுத்துப் போட்டது யாரு, மனசு யாருக்குப் பெருசு பாருங்க. போட்டோக்காரனும் பளிச் பளிச்சுன்னு எடுக்கிறான். மறுநாள் பேப்பர்ல அவ படம்தான். என் முழங்கை மட்டும் ஒரு ஓரத்துல தெரிஞ்சுச்சு.

அதுகூடப் பரவாயில்லை. அதுக்குள்ள அவ ஆளே மாறிட்டா. வந்து விசாரிக்கிறவங்ககிட்ட எல்லாம், "வெள்ளிக்கிழமையே போயிட்டார்க்கா. வலி இல்லாமப் போயிட்டார். இதயம் மட்டும் எங்கேயோ ஒருத்தருக்குள்ள துடிச்சுக்கிட்டு இருக்கு"ன்னு சொல்றா. முந்தின நாள்தான், "செத்தவன் ஒன்னுக்குப் போவானா"ன்னு டாக்டர்கிட்டச் சண்டை போட்டவ தாயி. அந்த ஆஸ்பத்திரித் தம்பி எடுத்துச் சொன்னதை எல்லாம் தன் சொத்து மாதிரி எடுத்து மடியில கட்டிக்கிட்டா.

பாடை கட்டும்போதுதான் வந்துச்சு வம்பு. தெருவுல மூத்தவரு சங்கிலி மாமா, எல்லாச் சாவுக்கும் அவர்தான் முன்னால நிப்பார். "எப்பா பொன்னுச்சாமி, கோழி பிடிச்சாச்சா?"ன்னார். சனிப் பிணம் தனியாப் போகாதும்பாங்கள்ல? துணைக்கு ஒரு ஆளை இழுத்துக்கிடும். அதுக்குப் பதிலா ஒரு கோழிக்குஞ்சைப் பாடையில கட்டி அனுப்புறது எங்க பக்கம் வழக்கம். உங்க பக்கமும் உண்டுல்ல?

பொன்னுச்சாமி, "கோழி எதுக்கு மாமா, அண்ணன் செத்தது வெள்ளிக்கிழமைல்ல. ஆஸ்பத்திரிப் பேப்பர்ல வெள்ளிக்கிழமை சாயங்காலம்னு போட்டிருக்கு"ன்னான்.

"பேப்பரு கிடக்கு. மூச்சு எப்போ நின்னுச்சு?"

"மூச்சு மெஷின் விட்டது மாமா."

"சரி, நெஞ்சு எப்போ நின்னுச்சு?"

"நெஞ்சு இன்னும் நிக்கலையாம்ல, எங்கேயோ ஓடுதாம்ல"ன்னான் ஒருத்தன். இன்னொருத்தன், "மூளைக்கு வெள்ளி, உடம்புக்குச் சனின்னா, அரைக் கோழி கட்டலாம்"னான். சாவு வீட்டுல சிரிக்கக் கூடாதுன்னு துண்டை வாயில வச்சுக்கிட்டு நாலு பேர் சிரிக்கிறாங்க. கோழி கட்டாம விட்டா காளிராஜ் துணைக்கு யாரைக் கூப்பிடுவான், பெருசையா சின்னதையான்னு ஒரு குரல். அதுக்குக்கூட என் மனசு ஒரு நிமிசம் நின்னுச்சு தாயி. யாரைக் கூப்பிடுவார்?

சங்கிலி மாமா கோவிச்சுக்கிட்டார். "விளையாட்டு இல்லைடா. எடுக்கிற கிழமை கணக்கில்லை, செத்த கிழமைதான் கணக்கு. கட்டினவ சொல்லட்டும். எம்மா, வெள்ளியா சனியா?"

கட்டினவன்னா நான்தானே? நான் எந்திரிக்கிறதுக்குள்ள அவ முந்திக்கிட்டா. "வெள்ளிதான் மாமா. டாக்டரே சொல்லிட்டாங்க"ன்னா.

எனக்கு வந்துச்சே ஒரு வேகம். "சனி"ன்னேன். "டாக்டர் என்ன சொன்னா என்ன? சனிக்கிழமை காலையில நான் போனப்போ அவருக்கு உயிரு இருந்துச்சு. என்னைத் தொடுறதுக்குக் கையைத் தூக்கினார். என் கண்ணால பாத்தேன்"ன்னேன்.

அவ அழுதுக்கிட்டு இருந்தவ நிறுத்திட்டா.

"கையைத் தூக்கினாரா?"

"தூக்கினார்."

"உயிரோடவா?"

"உயிரோடதான்."

அவ எந்திரிச்சு என் முன்னால வந்து நின்னா. சத்தம் போடலை. சத்தம் போட்டிருந்தா நானும் போட்டிருப்பேன். "கையைத் தூக்கினவரையா அறுக்க அனுப்பின?"ன்னு கேட்டா. "நான் கதவுலதான் நின்னேன். என்னை ஒருதடவை உள்ள விட்டிருக்கலாம்ல? வெள்ளிக்கிழமையே போயிட்டார்னு சொல்லிச் சொல்லித்தான் நான் இதுவரைக்கும் உக்காந்திருக்கேன். நீ சனிங்கிற. சனின்னா அவரை வியாதி கொல்லலை. நீ கொன்ன. உன் கையெழுத்து கொன்னுச்சு."

மேளக்காரனும் அடிக்கிறதை விட்டுட்டுப் பாக்கிறான். தெருவே என்னைப் பாக்குது.

பொன்னுச்சாமி கிட்ட வந்து என் காதுக்குள்ள, "மதினி, வெள்ளின்னு சொல்லிரு. அது வெறும் நரம்பு அசைவுன்னு டாக்டரம்மா உங்கிட்டச் சொன்னதா எங்கிட்டச் சொன்னியே. அதை இவங்ககிட்டயும் சொல்லிரு, முடிஞ்சுபோகும்"னான். நல்ல பிள்ளை. அவன் எனக்கு ஒரு வழி விட்டான். எனக்கும் புரியாம இல்லை. வெள்ளின்னு சொன்னா என் மேல ஒரு பழியும் இல்லை. செத்தவரோட உறுப்பைக் கொடுத்த புண்ணியவதி நான். ஆர்.டி.ஓ. கும்பிட்டதுகூட எனக்கு வந்து சேந்துரும்.

ஆனா வெள்ளின்னு சொன்னா அந்தக் கை? அது வெறும் பல்லி வால். அப்புறம் எனக்குன்னு என்ன இருக்கு? அட்டையில பேரு இருக்கு. பேரை வச்சு என்ன செய்ய?

"சனிதான் மாமா. கோழியைக் கட்டுங்க"ன்னு சொன்னேன்.

கட்டினாங்க. குஞ்சு கத்திக்கிட்டே போச்சு. நாங்க பொம்பளைங்க எல்லாம் தெரு முக்கு வரைக்கும் போனோம். அவ வரலை. திரும்பி வந்து பாத்தா வீட்டுல அவ பையும் இல்லை, செருப்பும் இல்லை. தலைமாட்டுக்கு அவ்வளவு போட்டி போட்டவ, பாடை தூக்கும்போது போயிட்டா.

இப்போ ஊருக்குள்ள ஒரு பேச்சு. தீப்பெட்டி ஆபீஸ்ல எனக்குப் பக்கத்துல உக்காந்து அடைக்கிறவகூட இப்போ தள்ளி உக்காந்துக்கிட்டா. உயிரோட கொடுத்தவன்னு என் முதுகுக்குப் பின்னால சொல்றாங்களாம். சொல்லட்டும். கொல்றதுக்கும் ஒரு உரிமை வேணும்ல? கையெழுத்துப் போடு பாப்போம்னு அவகிட்ட யாராவது நீட்டினாங்களா? அவ இன்னும் சொல்லிக்கிட்டுத்தான் திரியுறாளாம், இதயம் துடிக்குது, இதயம் துடிக்குதுன்னு. துடிக்கட்டும். அது யாருக்கோ துடிக்குது. கை எனக்குத்தான் எழும்புச்சு.

நீங்க படிச்சவங்க மாதிரி இருக்கீங்க, நீங்களே சொல்லுங்க. உயிரு இல்லாத கை ஒருத்தியை அடையாளம் கண்டுக்கிடுமா? கண்டுக்கிடாதுல்ல? அப்போ உயிரு இருந்துச்சு. இதுல என்ன குழப்பம் இருக்கு?

என்ன தாயி, ஒன்னும் சொல்லாம இருக்கீங்க? சொல்ல வேண்டாம். நீங்க எதுக்குச் சொல்லணும், உங்களுக்கு என்ன தெரியும்? நான் ஒன்னும் அழலை. எனக்குக் காத்து பட்டா இப்படித்தான் கண்ணுல தண்ணி வரும்.

என் கையை விடுங்க தாயி.